சும்மா ஒரு ரவுண்டு

"சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்." திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று கேளுங்கள். பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பதினெட்டு வயதுப் பையன் சொல்வான். கார் சாவியை எடுத்துக்கொண்டு அவனுடைய அப்பாவும் சொல்வார். யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. அதே வாசலில் நின்று அதே வாக்கியத்தை ஒரு பெண் சொல்லட்டும். எங்க? எதுக்கு? யாரோட? இந்நேரத்துலயா? அவள் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் நான்கு கேள்விகள் வந்து விழுந்திருக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கோயில், துக்க வீடு என்று ஏதாவது ஒரு முகவரி அவள் கையில் இருந்தாக வேண்டும். முகவரி இல்லாமல் வெளியே போகிற பெண்ணுக்கு நம் ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். "ஊர் சுத்துறவ." ஊர் சுற்றுகிற ஆணுக்கு அப்படி ஒரு வசைச் சொல் கிடையாது. மிஞ்சிப் போனால் "பொறுப்பில்லாதவன்" என்பார்கள், அதையும் பாதிச் செல்லத்தோடு சொல்வார்கள்.

நான் பேச வந்தது இந்தச் சும்மாவைப் பற்றி. ஒரு காரை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், மலையையும் வயலையும் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டுத் திரும்புவதைப் பற்றி. கூலி இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது, குடும்ப வன்முறை இருக்கிறது, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். நம் தோழிகளே கேட்டிருக்கிறார்கள். பெரிய பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்த பிறகு சின்னச் சந்தோஷங்களுக்கு வரலாம் என்ற தவணையை ஆண்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதை மட்டும் இங்கே பதிலாக வைக்கிறேன். கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டிலும் ஆணின் ரவுண்டு நிற்பதில்லை.

திண்டுக்கல் சமவெளியைப் போலச் சும்மா ஓட்டுவதற்கு வாய்த்த நிலம் குறைவு. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை கூடவே ஓடி வரும். நத்தம் சாலையில் பிரிந்தால் சிறுமலைக்குப் 18 ஹேர்பின் வளைவுகள். செம்பட்டி வழியே வத்தலக்குண்டுக்குப் போனால் தென்னந்தோப்பும், தூரத்தில் நீலமாகத் தெரிந்து கிட்டே போகப்போகப் பச்சையாகும் மலையும். நிலக்கோட்டைப் பக்கம் திரும்பினால் மல்லிகைத் தோட்டம். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிக்குப் போகிற சாலையில் விருப்பாச்சி வரும். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகளோடு தப்பி வந்த வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்த ஊர் அது. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார். இங்கிருந்துதான் படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். அவர் குதிரையேற்றம் கற்றவர் என்பதைப் பள்ளி மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்ணிடம் ஸ்கூட்டி சாவியைக் கொடுக்க நாற்பது நிபந்தனை போடுகிறோம்.

இந்த நிலத்தில் குடும்பத்தோடு ஒரு நாள் காரில் போவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறலாம், அச்சு ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார். அவர் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். அவள் மூன்றரைக்கு எழுந்து புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, ஃபிளாஸ்கில் பால் ஊற்றி, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எடுத்து, மாமியாரின் மாத்திரை டப்பாவைத் தேடி, வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர் எடுத்து, கேஸை மூடினோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கடைசியாக வந்து ஏறுவாள். ஏறும்போது ஹாரன் அடித்திருப்பார்கள். "எப்பவும் உன்னாலதான் லேட்டு." முன் சீட்டில் மாமனார். பின் சீட்டில் அவள், மாமியார், இரண்டு பிள்ளைகள், காலடியில் சாப்பாட்டுக் கூடை. மலையேறும்போது அவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு, "அங்க பாரு, அந்தப் பள்ளத்தாக்கப் பாரு" என்பார். அவள் பார்க்க முடியாது. சின்னவன் கவரில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான், பெரியவள் கண்ணாடியை இறக்கச் சொல்லி அழுதுகொண்டிருப்பாள். அவள் பார்க்கவில்லை என்பதும் ஒரு குற்றமாகும். "இவளுக்கு ரசனையே கிடையாது."

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருப்பாள் என்பது காரில் யாருக்கும் தெரியாது. வழியில் எங்கே நிறுத்துவார்கள், நிறுத்துகிற இடத்தில் கதவு தாழ்ப்பாள் இருக்குமா, மாதவிலக்கு நாளாக இருந்தால் நாப்கினை எங்கே போடுவது என்ற கணக்குகள் அவளுடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்களுக்குப் புளியமரம் போதும்.

இதைச் சுற்றுலா என்கிறார்கள். சமையலறையைச் சக்கரத்தில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2019ஆம் ஆண்டு ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் தெரிந்தது. சுற்றுலா போகிற நாளுக்குத் தனிக் கணக்கு எடுத்தால் நம் பக்க நிமிடம் கூடித்தான் இருக்கும் என்பது என் அனுமானம். மூன்றரை மணிக்கு எழுந்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சினிமாவும் இதையேதான் சொல்லிக்கொடுத்தது. 'பையா' படத்தில் கார்த்தி பெங்களூரிலிருந்து மும்பை வரைக்கும் கார் ஓட்டுவார், தமன்னா பக்கத்தில் உட்கார்ந்து வருவார். மழை, மலை, பாட்டு எல்லாம் அவர் ஓட்டுவதால் நமக்குக் கிடைத்தது. 2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை நம் மாவட்டமே தலையில் வைத்துக் கொண்டாடியது. கொச்சிப் பக்கத்து நண்பர்கள் கூட்டமொன்று கொடைக்கானலுக்கு வந்து, குணா குகையில் மாட்டிய நண்பனை மீட்ட உண்மைக் கதை. நானும் அழுதுகொண்டே பார்த்தேன். பார்த்து முடித்த பிறகு ஒன்று உறைத்தது. அவர்கள் ஏன் கொடைக்கானலுக்கு வந்தார்கள் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வேலை, விசேஷம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, நண்பர்கள், அதனால் கிளம்பினார்கள். அந்தக் குழியில் ஒரு பெண் விழுந்திருந்தால் முதல் கேள்வியே "இவளுக்கு இங்க என்ன வேலை?" என்பதாகத்தான் இருந்திருக்கும். 2017இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் ஜோதிகா புல்லட் ஓட்டினார், தோழிகள் சேர்ந்து பயணம் போனார்கள். அதற்கும்கூட, பல வருடம் பிரிந்திருந்தவர்கள் சந்திக்கிறார்கள் என்று ஒரு காரணம் தேவைப்பட்டது. நம் சந்தோஷத்துக்குச் சினிமாவிலும் லீவு லெட்டர் எழுத வேண்டியிருக்கிறது.

"பொம்பளைக ஓட்டுனா இப்படித்தான்" என்ற வசனத்துக்கு வருவோம். உலகத்தில் முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டிப் போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தன் அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். எரிபொருள் தீர்ந்ததும் வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். ஏற்றத்தில் மகன்கள் தள்ள வேண்டியிருந்தது, அதைத் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அந்த வண்டிக்கு இன்னொரு கியர் வந்தது. கவனியுங்கள், அவருக்கும் "அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்ற முகவரி கையில் இருந்தது. 1909இல் அமெரிக்காவில் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், கார் ஓட்டத் தெரியாத மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் 59 நாளில் ஓட்டிச் சேர்த்தார். இங்கே 1993இல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானார். சவுதி அரேபியாவில் 2018 ஜூன் வரைக்கும் பெண் கார் ஓட்டத் தடை இருந்தது என்று நாம் உச்சுக்கொட்டினோம். அங்கே சட்டம் தடுத்தது. இங்கே சட்டம் எப்போதும் தடுத்ததில்லை, ஆனாலும் தடை இருக்கிறது. கிட்டத்தட்ட எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களின் கார் லைசென்ஸும் வங்கியிலும் ரயிலிலும் காட்டுகிற அடையாள அட்டையாகத்தான் பர்ஸில் தூங்குகிறது.

மலைப் பாதையில் ஓட்டுவதற்கு மீசை தேவையில்லை, நாலைந்து விஷயங்கள் தெரிந்தால் போதும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஹாரன், மூடுபனியில் லோ பீம். இதில் எது ஆணுக்கு மட்டும் புரிகிற விஷயம்?

என் மதினி லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருடம் கழித்து, போன வருடம் ஒரு புதன்கிழமை முதன்முதலாகக் கொடைக்கானல் மலைக்குக் காரெடுத்தார். நானும் அவர் மகளும் கூடப் போனோம். இ-பாஸை அந்தப் பெண்ணே போனில் எடுத்துவிட்டாள். புளிசாதம் கிளறவில்லை என்பதை வரலாற்றுக்காகக் குறிப்பிடுகிறேன். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் மூன்று டீயை நீட்டிவிட்டுக் காரை எட்டிப் பார்த்தார். "டிரைவருக்கு டீ வேணாமாம்மா?"

"நாந்தாண்ணே டிரைவர்" என்றார் மதினி.

"வீட்ல ஆம்பளைக யாரும் வரலையா?"

"அவுகளுக்கு வேலை இருக்குண்ணே. நாங்க சும்மா போறோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த நிமிடமே மலையில் எந்த இடத்தில் ரோடு வேலை நடக்கிறது என்று அக்கறையாகச் சொன்னார். ஆனால் அந்தச் "சும்மா" அவரிடம் போய்ச் சேரவில்லை. "யாரையும் பாக்கப் போறீங்களாக்கும்" என்று அவராகவே எங்களுக்கு ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் கண்டுகொண்டது, காரில் பெரிய அதிகாரம் எது என்பதை. வேகமாகப் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நிறுத்துவது. மதினி நினைத்த இடத்தில் நிறுத்தினார். மகள் கேட்டதும் நிறுத்தினார், "இன்னும் பத்து கிலோமீட்டர் அடக்கிக்கோ" என்று சொல்லவில்லை. டம்டம் பாறையில் தலையாற்று அருவி வெள்ளை நூலாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். கல்யாணமான இருபது வருடத்தில் இந்த மலைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். எல்லாத் தடவையும் அங்கே நிறுத்தி, போட்டோ எடுத்து, ஐந்து நிமிடத்தில் "ஏறுங்க ஏறுங்க" என்று கிளப்பியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர் வளைவில் கண் வைக்க வேண்டும், உண்மையில் வேடிக்கை பார்ப்பது அவருக்குக் குறைவுதான். ஆனால் எங்கே நின்று, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். இதுநாள்வரை நமக்கு மலையைக் காட்டியிருக்கிறார்கள்.

இனி பாதுகாப்பு. இந்தச் சொல்லை எடுத்தால் நம் வாயை அடைத்துவிடலாம் என்று எல்லாருக்கும் தெரியும். "காலம் கெட்டுக் கிடக்கு, ரோட்டுல என்னென்ன நடக்குது." சரி, திண்டுக்கல் சமவெளியின் சாலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் வேடசந்தூர்ப் பக்கம் வரிசையாக மில் வண்டிகள் போகின்றன. உள்ளே முழுக்க இளம் பெண்கள், பாதித் தூக்கத்தில். நிலக்கோட்டைத் தோட்டங்களில் மொட்டு விரிவதற்குள் பூப்பறிக்க, இருட்டோடு பெண்கள் நடக்கிறார்கள். அந்த இருட்டில் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று வீட்டில் உட்காரச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? கூலி கிடைக்கும் என்றால் எந்த இருட்டும் பெண்ணுக்குச் சம்மதம். சந்தோஷத்துக்காகக் கேட்டால் நண்பகலும் ஆபத்து.

2021 ஜனவரியில் வேடசந்தூர் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துவந்த மேற்பார்வையாளரே கொன்றார். அந்தப் பெண் ஊர் சுற்றப் போகவில்லை. வேலைக்குப் போனார், காரணத்தோடு, முகவரியோடு. அந்தக் கொலைக்குப் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் விடாமல் போராடியதால், 2022இல் பாலியல் தொல்லைகளுக்கு எதிரான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. எச் அண்ட் எம், கேப் போன்ற உலக நிறுவனங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பூட்டுக்குப் பேர் போன நம் ஊரின் பெயர் உலகத் தொழிலாளர் பெண்களின் வாயில் இப்போது வேறொரு காரணத்துக்காக வருகிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி, முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். மில் வண்டியில் நடப்பதற்கும் ஆலையின் விசாரணைக் குழுவில் புகார் கொடுக்கலாம். மாணவிகள் இதைத் தங்கள் ஊரில் மில்லுக்குப் போகும் அக்காக்களிடம் சொல்லுங்கள். இந்தத் தகவல் சுற்றுலாத் தகவலைவிட அவசரமானது.

ஆக, பெண்ணைச் சாலையில் பார்ப்பதில் இந்தச் சமூகத்துக்கு ஒரு சிக்கலும் இல்லை. அவள் அங்கே உழைக்காமல் இருப்பதைப் பார்ப்பதில்தான் சிக்கல்.

கார் என்பதே நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கொடைக்கானலுக்குச் சாலை வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பெரியகுளம் பக்கமிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மலையேறினார்கள். நம் ஊர்க் கூலிகளின் தோள்தான் அவர்களுக்கு வண்டி. அவர்கள் பார்த்த அழகான காட்சியில் தூக்கியவரின் வியர்வை சேர்த்தியில்லை. இன்றைக்குக் கார்க் கண்ணாடி வழியாக நாம் "எவ்வளவு அழகு" என்று பார்க்கிற மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து நிற்கிறவளும் ஒரு பெண்தான், அவளுக்கு அது அழகாக இருக்க நியாயமில்லை. அதனால்தான் இந்தக் கோரிக்கை கார் வாங்கியவளோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது நினைவிருக்கும். ஷீலாராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தார். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஓட்டிப் பழகினார்கள். ஏளனம் செய்தார்கள், ஆபாசமாகப் பேசினார்கள், அவர்கள் ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பயன்பட்டது என்று அதைப் பாராட்டி எழுதியவர்கள் அதிகம். பெடலை மிதித்தபோது முகத்தில் பட்ட காற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அரசுத் திட்டங்களுக்கும் இதே கண்தான். 2018இல் மானிய விலையில் கொடுத்த அம்மா ஸ்கூட்டர் வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் பெண் எப்போதும் அலுவலகத்துக்கோ பள்ளிக்கோதான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த விஷயத்தில் 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம்தான், அதைக் கொண்டுவந்தவர்கள் நினைத்தோ நினைக்காமலோ, எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறுகிற பெண்ணிடம் கண்டக்டர் எங்கே என்று மட்டும்தான் கேட்பார். எதுக்கு என்று கேட்க மாட்டார். வேலை செய்கிற சான்றிதழ், கல்யாணமான சான்றிதழ் எதுவும் வேண்டாம். எரிச்சல் அங்கிருந்துதான் கிளம்பியது. "ஓசி" என்று 2022இல் ஓர் அமைச்சரே மேடையில் சொன்னார். "வேலையில்லாம பஸ்ஸுல ஏறி ஊர் சுத்துறாளுக" என்று டீக்கடைகளில் இன்றும் பேச்சு. சுற்றட்டுமே. சின்னாளபட்டிக்குப் போய்ச் சுங்குடிச் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பி வரட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பட்டும். ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு இந்த மாநிலம் ஒரு ஜன்னலோரச் சீட்டுக்கூடக் கடன்படவில்லையா?

நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க வேண்டியவை தனி. சுங்கச்சாவடிகளில் பணம் வசூலிக்கிற வேகத்துக்குக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், விளக்குப் போடுங்கள், நாப்கின் போடக் கூடை வையுங்கள். இதைக் கல்லூரி மாணவிகள் படம் எடுத்து, தேதி போட்டு, மனுவாகக் கொடுக்கலாம். மனுநீதி நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க நமக்குத் தெரியும்.

வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. லைசென்ஸ் இருந்தால், மாதத்தில் ஒரு நாள் காரோ வண்டியோ உங்களுடையது. பிள்ளைகள் அப்பாவோடு இருக்கட்டும், மதியச் சாப்பாட்டுக்கு அவர்களே வழி பார்க்கட்டும். முதல் தடவை மலைக்குப் போகிறவர்கள் கொடைக்கானலுக்கு முன்னால் சிறுமலையை முயலலாம், கூட்டம் குறைவு, தூரமும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் காலையிலேயே கிளம்புங்கள். பெட்ரோலைத் திண்டுக்கல்லிலேயே போட்டுக்கொள்ளுங்கள், டயரில் காற்றையும் பாருங்கள். மேலே போனதும் மலை வாழைப்பழம் விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். எங்கே போகிறாய் என்று தெருவில் யாராவது கேட்டால் இடத்தின் பெயரைச் சொல்லலாம். எதற்கு என்று கேட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் கியரைப் போடுங்கள்.